போகும் வழியும் திரும்பும் வழியும்



ஓர் ஊரில் இருந்துகொண்டு வேறோர் ஊரிலுள்ள கணிப்பொறியை டெலிபோன் மூலம் அழைத்து, அதனிடம் வேலை வாங்குவது எப்படி? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். உங்கள் சட்டைப் பையிலுள்ள கைபேசி இந்தக் காரியத்தை இமைப்பொழுதில் செய்துவிடுகிறது. இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காரியம் மிகவும் எளிதாகிவிட்டால் அது நடைபெறும் விதம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. டெலிபோன் மூலம் கணிப்பொறிகள் இணைந்த பழைய முறையில் ஒவ்வொரு படியும் தனித்தனியே தெரியும்; சிலவற்றைக் காதாலும் கேட்கலாம். அந்தப் படிகளை அறிந்துகொண்டால் இன்றைய இணைப்பும் விளங்கிவிடும். உதாரணத்திற்கு, கடலூர் மாவட்டத்தில் நான் வாழும் கம்மாபுரத்தையும், அதற்கு அண்மையிலுள்ள விருத்தாசலத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

தொலைவிலுள்ள கணிப்பொறியை இயக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்ற கணித அறிஞர் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஒரு கணக்கிடும் யந்திரத்தை அமைத்திருந்தார். யந்திரம் இருந்தது நியூயார்க் நகரத்தில். 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், வேறொரு மாநிலத்திலுள்ள டார்ட்மத் கல்லூரியில் கூடியிருந்த கணித அறிஞர்களின் முன்னிலையில், ஒரு தட்டச்சுப் பொறியின் மூலம் அவர் கணக்குகளைக் கம்பி வழியே அனுப்பினார். விடைகளும் அதே கம்பி வழியே திரும்பி வந்தன. கேள்வி போனது மட்டுமன்றி, விடையும் திரும்பி வந்தது என்பதைக் கவனியுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்தத் திரும்பி வருதலைப் பற்றியதே.

இனி நம் உதாரணத்திற்கு வருவோம். ஆண்டு 1999 என்று வைத்துக்கொள்ளுங்கள். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் ஒரு சிறு தொழிலகம் இருக்கிறது. அதன் அலுவலகத்தில் ஐந்தாறு கணிப்பொறிகள் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. ஒன்றில் கணக்கு ஏடுகள் இருக்கின்றன. மற்றொன்றில் வெளியூர்களிலிருந்து வந்த ஆர்டர்கள் இருக்கின்றன. அத்தொழிலகத்தின் கணக்கர் கம்மாபுரத்தில் வாழ்கிறார். மாலையில் வீட்டிலிருந்தபடியே அன்றைய கணக்கைப் பார்க்க விரும்புகிறார். அவரிடம் ஒரு கணிப்பொறியும் ஒரு டெலிபோனும் உள்ளன. இவ்விரண்டைக் கொண்டு அவர் எவ்வாறு அலுவலகத்தினுள் நுழைவது?

முதல் தடை டெலிபோன் கம்பியிலேயே இருக்கிறது. டெலிபோன் மனிதர் பேசுவதற்காக ஏற்பட்டது. நம் குரலில் பேச்சு விளங்குவதற்குத் தேவையான பகுதியை மட்டுமே அது சுமந்து செல்லும். விநாடிக்கு ஏறத்தாழ 300 அதிர்வு முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலிகள் அதில் போகும். அதற்குக் கீழும் மேலும் உள்ளவை வடிந்துவிடும். கணிப்பொறியோ ஒலியால் பேசுவதில்லை. மின்சாரம் உண்டு, இல்லை என்ற இரு நிலைகளால், அதாவது ஒன்று, சுன்னம் என்ற இரண்டே குறிகளால், எல்லாவற்றையும் எழுதுகிறது. எழுத மட்டும் தெரிந்த ஒருவரையும், பேச மட்டும் தெரிந்த ஒருவரையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமல்லவா? அந்த மொழிபெயர்ப்பாளர்தான் மோடம் என்னும் சிறு பெட்டி. அது குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பும். கம்பியில் வரும் ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றும்.

இதை எவ்வாறு செய்கிறது என்பதற்கு 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பெல் 103 என்ற மோடம் நல்ல உதாரணம். அழைக்கும் பக்கத்து மோடம் 'ஒன்று' என்று சொல்ல விநாடிக்கு 1,270 அதிர்வுள்ள சுருதியை எழுப்பும்; 'சுன்னம்' என்று சொல்ல 1,070 அதிர்வுள்ள சுருதியை எழுப்பும். பதில் சொல்லும் பக்கத்து மோடமோ 2,225, 2,025 என்ற வேறிரண்டு சுருதிகளைக் கொள்ளும். ஏன் நான்கு சுருதிகள்? இரு பக்கத்தாரும் ஒரே கம்பியில், ஒரே சமயத்தில், ஒருவர் பேச்சில் மற்றவர் பேச்சு கலவாமல் பேசவேண்டும் என்பதற்காக. போகும் வழிக்கு ஒரு ஜோடி. திரும்பும் வழிக்கு ஒரு ஜோடி.

அந்த மோடத்தின் வேகம் விநாடிக்கு 300 குறிகள். பின்னர் வந்தவை சுருதியை மட்டுமன்றி ஒலியின் பருமனையும் அலையின் நிலையையும் மாற்றிமாற்றி, ஒரே அசைவில் பல குறிகளை ஏற்றி அனுப்பக் கற்றுக்கொண்டன. இவ்வாறு வேகம் 9,600 ஆயிற்று. பின்னர் 33,600 ஆயிற்று. 1998-இல் 56,000 என்ற எல்லை பொது விதிமுறையாயிற்று. அந்தக் கடைசி வேகத்தில் ஒரு விசேஷம் உண்டு. நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் திசையில் மட்டுமே 56,000. வீட்டிலிருந்து போகும் திசையில் 33,600-தான். போகும் வழியும் வரும் வழியும் ஒரே அகலமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

இவ்வெண்களின் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். இக்காலத்தில் தமிழை எழுதப் பயன்படும் யூனிகோட் முறையில், ஒவ்வொரு குறியீட்டுக்கும் பெரும்பாலும் 3 பைட்டு, அதாவது 24 குறிகள், செலவாகின்றன. ஆயிரம் குறியீடுகள் கொண்ட ஒரு கடிதம் 24,000 குறிகள் ஆகும். 300 வேகத்தில் அதை அனுப்ப 80 விநாடி வேண்டும். 33,600 வேகத்தில் ஒரு விநாடிகூட ஆகாது. பத்து லட்சம் பைட்டு உள்ள ஒரு புகைப்படமோ, 33,600 வேகத்தில் சுமார் நான்கு நிமிஷமும், 300 வேகத்தில் ஏழு மணி நேரத்திற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஆகவே, டெலிபோன் வழி எழுத்துக்குப் போதுமானது. படத்துக்குப் பொறுமை வேண்டும்.

கம்மாபுரத்துக் கணக்கரின் மோடம் விருத்தாசலத்து எண்ணைச் சுழற்றுகிறது. அங்குள்ள மோடம் மணியோசையைக் கேட்டுத் தானே எடுக்கிறது. உடனே கீச்சென்றும் கரகரவென்றும் ஒரு விசித்திரமான ஓசை கேட்கும். அந்நாளில் இதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அது வெறும் இரைச்சலன்று. "உனக்கு எவ்வளவு வேகம் வரும்? இந்தக் கம்பி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது? எந்த முறையில் பேசுவோம்?" என்று இரு மோடங்களும் ஒன்றையொன்று விசாரித்து உடன்படிக்கை செய்துகொள்ளும் சம்பாஷணை அது. மழையில் நனைந்த இணைப்பாயிருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பு டெலிபோன் கம்பங்களின் மேல் வெண்மையான பீங்கான் கிண்ணங்கள் இருந்ததை உங்கள் பாட்டனார் பார்த்திருப்பார். பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால், கம்பியில் செல்லும் மெல்லிய மின்சாரம் கம்பத்தின் வழியே மண்ணுக்குள் ஒழுகிவிடாமல் அக்கிண்ணங்கள் காத்தன.

ஓசை அடங்கிற்று, இணைப்பு ஏற்பட்டது. இப்பொழுதுதான் விருத்தாசலத்து அலுவலகத்தில் அழைப்பை ஏற்கும் கணிப்பொறியின் வேலை தொடங்குகிறது. பிறருக்குப் பணி செய்யும் இத்தகைய கணிப்பொறியைச் சர்வர் என்றும் வழங்கி என்றும் கூறுவர். அதற்கு நான்கு கடமைகள் உண்டு.

முதல் கடமை, பேச்சின் ஒழுங்கை வகுத்துக்கொள்வது. எவ்வளவு பெரிய பொட்டலமாகச் செய்தியை அனுப்பலாம், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வழியில் சிதைந்ததா என்று எப்படிக் கண்டறிவது என்பனவற்றை இரு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்குப் பி.பி.பி. எனப்படும் ஒரு பொது விதிமுறை 1990-களில் உலகெங்கும் நிலைபெற்றது. எந்தக் கம்பெனியின் கணிப்பொறியாயினும் இவ்விதியை அறிந்திருந்தால் மற்றொன்றுடன் பேசலாம்.

இரண்டாவது, வந்திருப்பவர் யார் என்று விசாரிப்பது. டெலிபோன் எண்ணைத் தெரிந்தவர் எவரும் அழைக்கலாம். அழைத்தவரையெல்லாம் கணக்கு ஏட்டைப் பார்க்க விடலாமா? பெயரையும் இரகசியச் சொல்லையும் கேட்கவேண்டும். ஆனால், இரகசியச் சொல்லை அப்படியே கம்பியில் அனுப்பினால் வழியில் ஒட்டுக்கேட்பவன் அறிந்துகொள்வான். அதற்கு ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு உண்டு. சர்வர் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணை அனுப்பும். அழைப்பவரின் கணிப்பொறி, அந்த எண்ணையும் தன் இரகசியச் சொல்லையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். சர்வரும் அதே கணக்கைத் தன்னிடம் போட்டுப் பார்க்கும். விடைகள் ஒத்தால் உள்ளே வரலாம். இரகசியச் சொல் கம்பியில் போகவே இல்லை. இன்றைய விடை நாளைக்குச் செல்லாது.

இன்னும் எச்சரிக்கையான அலுவலகங்கள் வேறொரு முறையையும் கையாண்டன. அழைத்தவர் யாரென்று அறிந்ததும் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். பிறகு, ஏட்டில் எழுதிவைத்திருக்கும் அவருடைய வீட்டு எண்ணைத் தானே திரும்ப அழைக்கும். இரகசியச் சொல்லைத் திருடியவனாயினும், கணக்கரின் வீட்டு டெலிபோன் அவனிடம் இராதல்லவா? டெலிபோன் கட்டணமும் அலுவலகத்தைச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது கடமை, வந்தவருக்கு ஒரு முகவரி கொடுப்பது. இணைப்பிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஐ.பி. முகவரி என்ற ஓர் எண் வேண்டும். அலுவலகத்துக் கணிப்பொறிகள் 192.168.1 என்று தொடங்கும் தெருவில் குடியிருக்கின்றன என்று கொள்வோம். கணக்கு ஏடு உள்ள கணிப்பொறி 192.168.1.20, சர்வர் 192.168.1.5. டெலிபோனில் வருவோருக்காக 192.168.2 என்று வேறொரு தெருவைச் சர்வர் ஒதுக்கிவைத்திருக்கிறது. அதிலிருந்து 192.168.2.11 என்ற முகவரியைக் கம்மாபுரத்துக் கணக்கருக்குக் கொடுக்கிறது. இது சத்திரத்தில் வழிப்போக்கருக்குக் கொடுக்கும் அறையைப் போன்றது. அவர் டெலிபோனை வைத்தவுடன் அறை அடுத்தவருக்குப் போய்விடும்.

நான்காவது கடமைதான் மிகவும் முக்கியமானது. பலர் மறந்துவிடுவதும் அதுவே. வந்தவரின் பொட்டலங்களை உரிய இடத்திற்கு வழிப்படுத்துதல். இதனை விளக்க விருத்தாசலம் ரயில் சந்திப்பே போதும். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதையும், கடலூரிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையும் அங்கே கூடுகின்றன. ஒரு சரக்குப் பெட்டி எங்கிருந்து வந்தாலும், எந்த ஊருக்கு எந்தப் பாதை என்று சந்திப்பில் உள்ளவர்களுக்குத் தெரியவேண்டும். சேலம் என்றால் மேற்கே. கடலூர் என்றால் கிழக்கே. பெட்டியினுள் என்ன சரக்கு என்று அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. பெட்டியின் பிரயாணம் முழுவதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டியதுமில்லை. அடுத்த சந்திப்பு வரை அனுப்பிவிட்டால் போதும். கணிப்பொறி வைத்திருக்கும் வழி அட்டவணையும் இத்தகையதே. இன்ன தெருவுக்குரிய பொட்டலத்தை இன்னாரிடம் கொடு. அட்டவணையில் இல்லாத தெருவானால் வெளிவாயிலில் இருப்பவரிடம் கொடு. அவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும்.

சாதாரணமாக ஒரு கணிப்பொறி பிறருக்குரிய பொட்டலம் தன்னிடம் வந்தால் அதைத் தள்ளிவிடும். எனவே, "பிறர் பொட்டலத்தையும் வாங்கி மேலே அனுப்பு" என்று சர்வருக்கு வெளிப்படையாக உத்தரவிட வேண்டும். விண்டோஸ் 2000 சர்வரிலும், லினக்ஸிலும், இந்த உத்தரவை நாமாகக் கொடுத்தாலன்றி அது நடைபெறாது. இது சோம்பலன்று, காவல். கேட்காமலே வழி திறந்துவிடும் வீடு பாதுகாப்பான வீடாகுமா?

உத்தரவு கொடுத்தாயிற்று. கணக்கரின் பொட்டலம் கம்மாபுரத்திலிருந்து புறப்பட்டு, சர்வரைக் கடந்து, 192.168.1.20 என்ற கணிப்பொறியை அடைந்துவிட்டது. அப்படியானால் வேலை முடிந்ததா? இல்லை. இங்கேதான் பலருடைய முயற்சி நின்றுபோகும்.

இதே போன்ற ஓர் அலுவலகத்தில் அந்நாளில் என்னை அழைத்துக் காட்டினார்கள். டெலிபோன் இணைப்பு ஒழுங்காக ஏற்படுகிறது, இரகசியச் சொல் ஏற்கப்படுகிறது, முகவரியும் கிடைக்கிறது. ஆனால், வீட்டிலிருந்து எதைக் கேட்டாலும் பதில் வருவதில்லை. மோடம் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னார். டெலிபோன் கம்பியில் பழுது என்று மற்றொருவர் சொன்னார். இரண்டு மோடங்களை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். உண்மையில் எல்லாக் கேள்விகளும் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தன. பதில்கள்தாம் வழி தெரியாமல் அலைந்தன.

காரணம் இதுதான். கணக்குக் கணிப்பொறி தன் பதிலில் 192.168.2.11 என்று முகவரி எழுதுகிறது. அந்தத் தெரு தன் தெருவன்று; எனவே, வெளிவாயிலில் உள்ள 192.168.1.1 என்ற வழிகாட்டிப் பொறியிடம் கொடுத்துவிடுகிறது. அந்தப் பொறிக்கு இரண்டாம் தெரு எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அது பொட்டலத்தைக் கீழே போட்டுவிடுகிறது. வாயிற்பொறியின் அட்டவணையில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தோம். "192.168.2 என்ற தெருவுக்குரியதை 192.168.1.5 என்ற சர்வரிடம் கொடு" என்பதே அவ்வரி. மறுகணமே பதில்கள் வீடு வந்து சேர்ந்தன.

இதற்கு மற்றொரு வழியும் உண்டு. வருபவருக்கு வேறு தெருவில் அறை கொடாமல் அலுவலகத்தின் தெருவிலேயே ஒரு கதவெண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் சர்வரே "அவருக்காக நான் இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும்படி செய்யலாம். சிறிய அலுவலகத்திற்கு இது சௌகரியம். ஆட்கள் மிகுந்தால் தனித்தெருவும் தெளிவான அட்டவணையுமே நல்லது.

இவ்வித இணைப்புகளைச் சோதிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் சாதாரண டெலிபோனால் சர்வரின் எண்ணை அழைத்து, மோடத்தின் ஓசை கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டாவதாக, இணைத்து, முகவரி கிடைத்ததா என்று பார்க்கவேண்டும். மூன்றாவதாக, சர்வரை மட்டும் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும், "இருக்கிறாயா?" என்று கேட்டு "இருக்கிறேன்" என்ற பதிலைப் பெறுவதற்குப் பிங் என்னும் கட்டளை உண்டு. நான்காவதாக, சர்வருக்கு அப்பாலுள்ள கணிப்பொறியைக் கூப்பிடவேண்டும். ஐந்தாவதாக, அந்தக் கணிப்பொறியிலிருந்து வீட்டைக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ, அங்கேதான் குறை. படிகளைத் தாண்டித் தாவுகிறவர்கள் நல்ல மோடத்தைக் கழற்றி எறிவார்கள்.

இதுவரை ஓர் அலுவலகத்தைப் பற்றிப் பேசினோம். ஒரு நாட்டை இணைக்க முற்பட்டபோதும் இதே கேள்விகள்தாம் எழுந்தன. இந்தியாவில் கல்வி நிறுவனங்களைக் கணிப்பொறிகளால் இணைக்கும் எர்னெட் என்னும் திட்டம், மத்திய அரசின் மின்னணுத் துறையால் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986-இல் தொடங்கப்பட்டது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் ஓர் உறுப்பு. தொடக்கத்தில் கணிப்பொறிகள் ஓயாமல் இணைந்திருக்கவில்லை. கடிதங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, குறித்த வேளையில் ஒன்றையொன்று டெலிபோனில் அழைத்து, கொடுக்கவேண்டியதைக் கொடுத்து, வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டன. அஞ்சலோட்டக்காரர் அடுத்த நிலையத்தில் பையை மாற்றிக்கொள்வதைப் போன்றதே இது.

பொதுமக்களுக்கு இணையம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் வந்தது. வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் அதைத் தொடங்கிவைத்தது. சென்னையில் வாழ்ந்தவர் உள்ளூர்க் கட்டணத்தில் இணையத்தை அழைக்கலாம். கம்மாபுரத்தில் வாழ்ந்தவரோ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னையை எஸ்.டி.டி. கட்டணத்தில் அழைக்கவேண்டும். ஒரு மாணவன் பத்து நிமிஷம் படித்தால், அந்தப் பத்து நிமிஷமும் மீட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும். அறிவுக்கு விலை ஒன்றே. அதை அடையும் வழிக்கு மட்டும் ஊருக்கு ஊர் வெவ்வேறு விலை! ஆகவே, அழைப்பை ஏற்கும் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பது வெறும் யந்திர விஷயமன்று. யார் படிக்கலாம் என்பதையே அது நிர்ணயித்தது. பின்னர் தொலைத்தொடர்புத் துறையும், 2000 அக்டோபரில் அதனிடமிருந்து பிறந்த பி.எஸ்.என்.எல். நிறுவனமும் பல ஊர்களில் இத்தகைய நிலையங்களை நிறுவியபிறகே இந்த வேற்றுமை படிப்படியாகக் குறைந்தது.

டெலிபோன் இணைப்பில் மற்றொரு குறையும் இருந்தது. கிராமத்திலிருந்து நாம் அழைக்கலாம். நாம் அழைக்காத வேளையில் நமக்கு முகவரியே இல்லை. ஆகையால் நம்மை யாரும் அழைக்க முடியாது. கேட்கும் உரிமை இருக்கிறது. கூப்பிட்டால் காது கேட்கும் நிலை இல்லை. இவ்விரு குறைகளையும் தீர்க்க நமக்கு அருகிலேயே ஒரு முயற்சி நடந்தது. அதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு ஐ.டி.ஆர்.சி. என்ற அமைப்பின் உதவியுடன், 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் அறிவுக் கிராமங்களை அமைக்கத் தொடங்கியது. புதுச்சேரிக்கு மேற்கேயுள்ள வில்லியனூர் அதன் நடுநிலையம். அங்கே இணையத்திற்கு டெலிபோன் இணைப்பு இருந்தது. சுற்றியிருந்த கிராமங்களிலோ டெலிபோனை நம்ப இயலவில்லை. ஆதலின், வில்லியனூருக்கும் கிராமங்களுக்கும் இடையே வானொலி அலைகளால் இணைப்பு அமைத்தார்கள். போவதும் வருவதுமாகிய இருவழி இணைப்பு அது. பேச்சும் போகும், எழுத்தும் போகும். மின்சாரம் தவறும் வேளைக்குச் சூரிய ஒளிப் பலகைகளை வைத்தார்கள். நிலையங்களை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்த் தொண்டர்கள். அவர்களில் பெண்கள் பலர்.

நான் மேலே சொன்ன சர்வரின் கடமைகளை வில்லியனூரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியுலகின் செய்தி ஒரே கம்பியில் அங்கே வந்து சேர்ந்தது. எது எந்த ஊருக்கு வேண்டும் என்று அங்கே பிரித்தார்கள். நெல் விலை உழவர் ஊருக்கு. கடல் நிலை மீனவர் ஊருக்கு. கிராமத்தார் கேட்ட கேள்விகளும் அதே வழியில் நடுநிலையத்துக்குத் திரும்பின. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதினார்கள். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. யந்திரச் சர்வர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை; இங்கே மனிதர்கள் பிரித்துப் பார்த்து, பொருள் விளங்கச் செய்து அனுப்பினார்கள்.

வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊரில் இதன் பயன் கண்கூடாகத் தெரிந்தது. வங்காள விரிகுடாவில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்டு வந்தது. அதை நாள்தோறும் எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி மூலம் கடற்கரையில் அறிவித்தார்கள். உலகின் மற்றொரு பக்கத்தில் கணித்த எண், டெலிபோன் கம்பியில் வந்து, வானொலி அலையில் ஏறி, ஒலிபெருக்கியில் இறங்கி, கட்டுமரத்தைத் தள்ளப்போகும் மீனவரின் காதில் விழுந்தது. கணிப்பொறியைத் தொடாதவருக்கும் இணையம் எட்டியது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரிலும் இத்தகைய அறிவு நிலையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அந்நிலையத்தில் முன்பு தொண்டராயிருந்த ஓர் இளைஞர் அப்பொழுது சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டதும் ஊருக்கு டெலிபோன் செய்தார். ஊரார் நிலையத்திற்கு ஓடி, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். மக்கள் கரையை விட்டு விலகி ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஊரில் வாழ்ந்த ஏறத்தாழ 3,600 பேரும் உயிர் பிழைத்தார்கள் என்று பதிவாகியுள்ளது.

அன்று அவர்களைக் காத்தது வேகமான கணிப்பொறியன்று. ஒரு சாதாரண டெலிபோன் அழைப்பும் ஒரு ஒலிபெருக்கியுமே. ஆனால், அழைத்தவருக்கு எந்த எண்ணை அழைக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. எடுத்தவர்களுக்குச் செய்தியை எந்த வழியில் எல்லோருக்கும் சேர்ப்பது என்று தெரிந்திருந்தது. நாள்தோறும் அலையின் உயரத்தைக் கேட்டுப் பழகிய ஊர், அந்தக் குரலை நம்பியது. முகவரியும், வழியும், வழியில் நின்று பொறுப்பாய் அனுப்பும் ஆளும் ஆகிய இம்மூன்றும் முன்னமேயே அமைந்திருந்தன. அபாயம் வந்தபிறகு வழி வெட்ட நேரம் இராது.

டெலிபோன் வழி இணையம் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. அமெரிக்காவில் அதைப் பரப்பிய ஏ.ஓ.எல். என்ற கம்பெனி 2025 செப்டம்பர் 30-ஆம் நாளோடு அச்சேவையை முடித்துக்கொண்டது. மோடத்தின் கீச்சொலியை உங்களில் பலர் கேட்டே இருக்கமாட்டீர்கள். ஆனால், நான் சொன்ன நான்கு கடமைகளில் ஒன்றும் மறையவில்லை. வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை இணைப்புகள் பலவற்றில், அன்றைய பி.பி.பி. விதியே வேறு உடை உடுத்துக்கொண்டு இன்றும் பெயரையும் இரகசியச் சொல்லையும் கேட்கிறது. வீட்டிலிருந்து அலுவலகக் கணிப்பொறிக்குள் நுழைவோர் பயன்படுத்தும் வி.பி.என். என்னும் மறைவழியும், அழைப்பை ஏற்று, ஆளை விசாரித்து, முகவரி கொடுத்து, வழி காட்டுகிறது. அங்கேயும், இணைப்பு இருந்தும் பதில் வராவிட்டால், திரும்பும் வழியைத் தேடிப் பாருங்கள் என்றுதான் அனுபவசாலிகள் சொல்வார்கள்.

உங்களில் ஆர்வமுள்ளவர்கள் இதைச் செய்துபார்க்கலாம். பழைய கணிப்பொறிகள் மூன்று இருந்தால் போதும். நடுவிலுள்ளதில் இரண்டு இணைப்பு வாயில்களை அமைத்து அதனைச் சர்வராக்குங்கள். மற்ற இரண்டையும் வெவ்வேறு தெருக்களில் குடிவையுங்கள். இரண்டு ஓரக் கணிப்பொறிகளிலும் வழியை எழுதிவிட்டு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கூப்பிடுங்கள். பதில் வந்தபின், ஓர் ஓரத்தில் மட்டும் திரும்பும் வழியை அழித்துவிட்டு மறுபடியும் கூப்பிடுங்கள். கேள்வி போய்ச்சேர்வதையும், பதில் திரும்பாமல் நிற்பதையும் கண்ணால் காண்பீர்கள். அந்த வரியை மீண்டும் எழுதிப் பதில் வருவதைக் காணும்போது, ஓர் ஊரை உலகத்தோடு இணைப்பது என்றால் என்ன என்பது உங்களுக்கு விளங்கும். கம்மாபுரம் போன்ற ஊர்கள் உலகத்தைக் கேட்டால் மட்டும் போதாது. உலகம் அவ்வூர்களைக் கூப்பிடும்போதும் குரல் வந்து சேரவேண்டும். அந்த வழிகளை அமைக்கும் பொறுப்பு இனி உங்களுடையது.